அறிவு தலையெழுத்தா? வளர்ப்பா?

சித்திரைத் திருவிழாவின் போதும், ஆடி மாதத்திலும் அழகர்கோவிலுக்கு பஸ்ஸிலும் வேனிலும் ஜனங்கள் வந்து குவிகின்றார்கள். அவர்களில் கைக்குழந்தையோடு வருகின்றவர்கள் ஏராளம். குழந்தைக்கு மொட்டை அடித்து, காது குத்தி, மலைமேல் ஏறி நூபுர கங்கையில் தலை முழுக்காட்டி, 18-ஆம் படிக் கருப்பன் முன் சூடம் கொளுத்தி, "பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடு" என்று வேண்டிக்கொண்டு, தோசைப் பிரசாதத்துடன் ஊர் திரும்புகின்றார்கள். இவர்களைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமல்ல. தம் பிள்ளை தம்மைவிட மேலாக வரவேண்டும் என்கின்ற ஆசை நியாயமான ஆசையே. அந்த ஆசையும், அதற்காகச் சேர்த்த பணமும், போய்ச் சேரவேண்டிய இடத்திற்குப் போகாமல் உண்டியலில் போய் விழுகின்றதே என்பதுதான் நமது வருத்தம்.

இப்படி வேண்டிக்கொள்ளுகின்றவர்களே வீட்டிற்கு வந்து என்ன சொல்லுகின்றார்கள்? பையன் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கின்றார்கள். பக்கத்துத் தெருப் பையன் பரீட்சையில் தேறாவிட்டால், "அந்தச் சாதிக்குப் படிப்பு ஏறாது" என்கின்றார்கள். பெண் குழந்தை புத்தகத்தைக் கையில் எடுத்தால், "பொட்டைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்கின்றார்கள். தலையெழுத்து, சாதி, பெண் பிறப்பு என்கின்ற இந்த மூன்று பூட்டுகளையும் பிள்ளையின் மூளைக்குத் தாமே போட்டுவிட்டு, சாவியைத் தேடி மலை ஏறுகின்றார்கள்.

தலையெழுத்தை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். 1951-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் அது 73 ஆயிற்று. தமிழ்நாட்டில் 80 ஆயிற்று. கைநாட்டு வைத்த பாட்டனுடைய பேரன் இன்று காலேஜில் படிக்கின்றான். இந்த 60 வருஷத்திற்குள் பிரம்மதேவன் கோடிக்கணக்கான தலைகளில் பழைய எழுத்தை அழித்துப் புதிதாக எழுதினானா? அல்லது ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்ததனால் இது நடந்ததா? பள்ளிக்கூடத்தினால்தான் என்றால், இத்தனை நாள் தலையெழுத்து என்று சொன்னது பள்ளிக்கூடம் இல்லாத குறைக்கு வைத்த பெயர்தானே?

இனி, சாதிக்கு வருவோம். அழகர் மலையைவிட்டு மதுரைக்குப் புறப்படும்போது கள்ளர் வேடம் தரித்துக்கொண்டு வருகின்றார். அவரைக் கள்ளழகர் என்று சொல்லி லட்சக்கணக்கானவர்கள் கையெடுத்துக் கும்பிடுகின்றார்கள். ஆனால் 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு, இதே மதுரைச் சீமையில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். போலீசில் ரேகை பதிய வேண்டும். இரவில் வீட்டில் படுக்கக் கூடாது. ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி சுடப்பட்டார்கள். கள்ளர் வேடம் போட்ட சாமிக்குக் குதிரை வாகனம். கள்ளராய்ப் பிறந்த மனிதனுக்குத் துப்பாக்கிக் குண்டு! கூட்டத்தில் ஒருவராவது இது என்ன நியாயம் என்று சாமியைக் கேட்டதுண்டா?

அந்தக் காலத்திலேதான் அரசாங்கம் கள்ளர் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தத் தொடங்கியது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் மதுரை, திண்டுக்கல், தேனி ஜில்லாக்களில் அவை இன்றும் 200-க்கு மேல் நடைபெறுகின்றன. ஏற்படுத்தினவர்களின் எண்ணம் அடக்கி ஆளுவதாகவே இருந்தபோதிலும், சிலேட்டும் பலப்பமும் கைக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். உபாத்தியாயர்களும், வக்கீல்களும், டாக்டர்களும், போலீஸ் அதிகாரிகளுமே அந்தச் சமூகத்திலிருந்து வந்தார்கள். ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. ரத்தம் மாறவில்லை, பிறப்பு மாறவில்லை, வசதி ஒன்றுதான் மாறியது.

குடியானவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1895-இல் பெரியாறு அணை கட்டி, வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் மேலூர்ச் சீமையின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாக இருந்தது. தண்ணீர் வந்ததும் நெல் விளைந்தது. மண் அதே மண்தான். அந்த மண்ணைப் பார்த்து, "இது பிறவியிலேயே நெல் விளையாத மண்" என்று முன்பு ஒருவன் சொல்லியிருந்தால் அவனை என்னவென்று சொல்லுவோம்?

"அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதானா? பிறவியில் ஒன்றுமே இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருவன் சீக்கிரம் பிடித்துக்கொள்ளுகின்றான், மற்றொருவன் நிதானமாகப் பிடித்துக்கொள்ளுகின்றான் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் சாதியைப் பார்த்தோ, தெருவைப் பார்த்தோ வருவதல்ல. புத்தியை அளக்கும் பரீட்சையை 1905-இல் பாரிஸ் நகரத்தில் ஏற்படுத்தியவர் ஆல்பிரட் பினே என்பவர். பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவி செய்வதற்காகவே அவர் அதை ஏற்படுத்தினார். புத்தி ஒரே அளவாய் நின்றுவிடுவது என்பதை அவரே மறுத்தார். பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கொண்டு உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று பிரிக்கப் பார்த்தார்கள். ஆனால் பல தேசங்களில் தலைமுறைக்குத் தலைமுறை அந்தப் பரீட்சை மார்க்கு ஏறிக்கொண்டே வந்ததை, நியூசிலாந்து ஆசிரியர் ஜேம்ஸ் பிளின் 1980-களில் எடுத்துக்காட்டினார். 2 தலைமுறைக்குள் ஒரு தேசத்தாரின் பிறவிக் குணம் மாறிவிடாது. மாறினவை சாப்பாடும், படிப்பும், வாழ்க்கையுமேயாகும்.

சாப்பாட்டை அற்பமாக நினைக்கக் கூடாது. குழந்தை பிறக்கும்போது அதன் மூளை பெரியவர்கள் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். 5 வயதிற்குள் அது 100-க்கு 90 பங்கு வளர்ந்துவிடுகின்றது. அந்த வயதில் இரும்புச் சத்தும், அயோடினும், வயிறார ஆகாரமும் இல்லாவிட்டால் மூளையே குறைப்பட்டுப்போகும். கர்ப்பிணிக்குச் சத்துணவு போடாமல் குழந்தைக்குத் தாயத்துக் கட்டி என்ன பயன்? இதை உணர்ந்துதான் 1920-இல் நீதிக்கட்சியார் சென்னை நகரசபைப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள். காமராஜர் 1956-இல் அதை நாடெங்கும் பரப்பினார். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் நமது மதுரையிலேயே தொடங்கியது. உப்புமாவும் பொங்கலும் செய்கின்ற வேலையை எந்த அர்ச்சனையும் செய்யவில்லை.

தவிர, வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. கேள்வி கேட்கின்ற பிள்ளையை நாம் என்ன செய்கின்றோம்? "அதிகப்பிரசங்கி, வாயை மூடு" என்று அடக்குகின்றோம். "அடியாத மாடு படியாது" என்று சொல்லி முதுகில் வைக்கின்றோம். பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகின்றது. வீட்டிற்கு மட்டும் அந்த நியாயம் வேண்டாமா? அடிபட்ட பிள்ளை பயத்தைக் கற்றுக்கொள்ளுமேயொழிய, கணக்கைக் கற்றுக்கொள்ளாது.

அழகர் ஆற்றில் இறங்குகின்றபோது, "வறண்டு கிடந்த வைகையில் தண்ணீர் எப்படி வந்தது?" என்று பிள்ளை கேட்டால், "சாமி வருகிறார், அதனால் வந்தது" என்று சொல்லாதீர்கள். "ஆண்டிபட்டிப் பக்கம் 1959-இல் கட்டிய அணை இருக்கின்றது, மதகைத் திறந்துவிட்டார்கள்" என்று சொல்லுங்கள். நூபுர கங்கை விஷ்ணுவின் காற்சிலம்பிலிருந்து வருகின்றது என்னாமல், மலையில் பெய்த மழை பாறை இடுக்கில் இறங்கி ஊற்றாகச் சுரக்கின்றது என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, வாத்தியாரைக் கேட்போம் வா" என்று சொல்லுவதில் ஒரு அவமானமும் இல்லை. பதில் கிடைத்த பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும். அதற்குப் பெயர்தான் அறிவு வளர்வது.

ஆகவே தோழர்களே! அடுத்த மொட்டைக்கும், கிடாவெட்டுக்கும், வேனுக்கும் ஆகின்ற செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு எத்தனை நாள் பாலும் முட்டையும் வாங்கலாம், எத்தனை புத்தகம் வாங்கலாம் என்பதையும் பாருங்கள். ஆணுக்கு வாங்குவதைப் பெண்ணுக்கும் வாங்குங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போதுமா, காலைச் சாப்பாடு ஒழுங்காய் வருகின்றதா என்று நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். "மண்டு" என்கின்ற வார்த்தையை இன்றோடு வீட்டில் நிறுத்துங்கள். பிள்ளையின் புத்தி மலைமேல் இல்லை. உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலும், ஊர்ப் பள்ளிக்கூடத்திலும், நீங்கள் அதற்குச் சொல்லுகின்ற பதிலிலும் இருக்கின்றது.