இ-வே பில் தணிக்கையில் லாரிகளைத் தடுத்துவைப்பது குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சிறு லாரி உரிமையாளர்கள் சங்கம், நாமக்கல்.

பெறுநர்
உயர்திரு வணிகவரி ஆணையர் அவர்கள்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை.

பொருள்: இ-வே பில் பிழைகளுக்காக லாரிகளைத் தடுத்துவைப்பதால் ஏற்படும் இழப்பு – தீர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் உறுப்பினர்கள் ஒன்றிரண்டு லாரிகளைக் கடனில் வாங்கி ஓட்டுபவர்கள். 2017 ஜூலையில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டதால் எங்களுக்கு மிச்சமான நேரமும் டீசலும் கொஞ்சமல்ல. அவற்றின் இடத்தில் 2018-இல் வந்த இ-வே பில் முறையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஒருவர் செய்த பிழைக்கு இன்னொருவரின் வண்டி நிற்கிறது என்பதே எங்கள் குறை.

இ-வே பில்லின் முதல் பகுதியில் சரக்கு, மதிப்பு, வரி ஆகியவற்றைப் பதிவது பெரும்பாலும் சரக்கை அனுப்பும் பார்ட்டி. லாரிக்காரர் கொடுப்பது வண்டி எண் மட்டுமே. கட்டி, சீல் வைத்த பண்டலுக்குள் பில்லில் உள்ள பொருள்தான் இருக்கிறதா என்று டிரைவரால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 129-இன் கீழ் சரக்கோடு வண்டியும் பிடிபடுகிறது. 2022 ஜனவரி 1 முதல் அபராதம் வரியில் 200 சதவீதம். நோட்டீஸ் கொடுக்க 7 நாள், அதன்பின் உத்தரவிட 7 நாள் என்று சட்டமே அவகாசம் தருகிறது. அபராதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அதைக் கட்டினால் வண்டியை எடுக்கலாம். அட்வான்ஸ் டீசலுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் போய், மீதி வாடகை சரக்கை இறக்கிய பிறகே கைக்கு வரும் தொழிலில், அந்தப் பணத்தை வழியில் யார் புரட்டுவது? வண்டி நிற்கும் நாளிலும் தவணையும் டிரைவர் படியும் நிற்பதில்லை. திரும்பும் லோடும் கைவிட்டுப் போகிறது.

இ-வே பில் செல்லுபடியாகும் கால அளவும் இப்படித்தான். 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் ஆக்சில் உடைந்தால், காலாவதிக்கு முன்னோ பின்னோ 8 மணி நேரத்துக்குள் நீட்டித்தாக வேண்டும். நெரிசலில் சிக்கி இ-வே பில் காலாவதியான தெலங்கானா வழக்கில், இதை வரி ஏய்ப்பாகக் கொள்ள முடியாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, துறைக்கு மேலும் ரூ.59,000 செலவுத்தொகை விதித்தது. வண்டி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்பது பாஸ்டேக் பதிவில் இருக்கிறது. குற்றம் கண்டுபிடிக்க உதவும் அதே பதிவு, குற்றமில்லை என்று காட்டவும் உதவ வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. பின்கோடு, முகவரி, வண்டி எண்ணில் ஓரிரு எழுத்துப் பிழை போன்றவற்றுக்கு வண்டியைப் பிடிக்காமல், மொத்தம் ரூ.1,000 அபராதத்தோடு விடலாம் என்கிறது 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64/38/2018 சுற்றறிக்கை. அதை ஒவ்வொரு தணிக்கைக் குழுவும் பின்பற்ற உத்தரவிட வேண்டும். வண்டியைப் பிடித்தால், சுற்றறிக்கை ஏன் பொருந்தாது என எழுத்தில் தர வேண்டும்.

2. காலாவதியான இ-வே பில்லைப் பொறுத்தவரை, பாஸ்டேக் பதிவையும் பழுது பார்த்த ரசீதையும் ஆதாரமாக ஏற்க வேண்டும். நீட்டிப்புக்கான 8 மணி நேரத்தை 24 மணி நேரமாக்க ஜிஎஸ்டி மன்றத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

3. பத்திரமும் பிணையும் கொடுத்து வண்டியை எடுக்க 129(2)-இல் இருந்த வழி 2022-இல் நீக்கப்பட்டது. வரி ஏய்ப்புக்கு உடந்தை என்பதற்கு ஆதாரம் இல்லாத லாரி உரிமையாளருக்காவது அதை மீண்டும் கொண்டுவரப் பரிந்துரைக்க வேண்டும்.

4. வண்டியை 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் இ-வே பில் 04 படிவத்தில் அதைப் பதிவுசெய்யும் உரிமை ஜிஎஸ்டி விதி 138டி-இல் உள்ளது. தணிக்கைக் குழு இதை டிரைவரிடம் தமிழ்த் துண்டறிக்கையாகத் தர வேண்டும்.

5. பிடிபட்ட வண்டிகள் எத்தனை, அவற்றில் வரி ஏய்ப்பு உறுதியானவை எத்தனை என்ற கணக்கை மாதந்தோறும் கோட்டவாரியாக வெளியிட வேண்டும்.

இவற்றில் முதலாவது, நான்காவது, ஐந்தாவது கோரிக்கைகளுக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. தங்கள் உத்தரவே போதும். அவற்றை உடனே நிறைவேற்றி, மற்றவை குறித்துப் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: நாமக்கல்
நாள்: