மஞ்சள் பிடி

போன ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பது மணியிருக்கும். மேல் டிவிசனிலிருந்து போன் வந்தது. தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது, மழையில் ஓட்டோ ஏறவில்லை. "அண்ணே, ஒங்க லேண்ட்ரோவர கொண்டாங்க" என்றான் அந்தப் பிள்ளையின் புருஷன். பசறை ரோட்டிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் ஏறும் அந்தப் பாதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது முடக்கில், மதகுக்கு மேலே, பின்சில்லு இரண்டும் சேற்றைத் தோண்டத் தொடங்கின. போர்வீல் போடும் மஞ்சள் பிடியை அழுத்தினேன். இறங்கியது. கிளச்சை விட்டேன். பின்னால் சேறு தெறித்ததே தவிர வண்டி நகரவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தால் முன்சில்லு இரண்டும் கல் மாதிரி நிற்கின்றன. போர்வீல் போட்டும் போர்வீல் இல்லை. கடைசியில் லயத்துப் பையன்கள் கம்பளியில் தூளி கட்டி, அந்தப் பிள்ளையை மழையில் முடக்கு வரை சுமந்து வந்தார்கள். இறக்கத்தில் வண்டியைத் திருப்பி பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆண் குழந்தை, இருவரும் நலம். ஆனால் அந்தத் தூளி இருட்டில் ஆடியாடி இறங்கி வந்ததை நான் மறக்கவில்லை. நாற்பது நிமிடம் என் வண்டியால் போனது.

மறுநாள் டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கியர் பொக்ஸையும் ட்ரான்ஸ்பர் பொக்ஸையும் இறக்க வேண்டும், இரண்டு கிழமையாகும் என்றார்கள். மழைக்காலத்தில் இரண்டு கிழமை! சரி என்று சொல்லும் நிலைக்கே வந்துவிட்டேன். அதற்குள் செய்தி கேள்விப்பட்டு பணிய டிவிசனில் இருக்கும் பெரியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். முப்பது வருசத்துக்கு மேல் தோட்டத்தில் டிரைவராக இருந்தவர், என் அப்பாவோடு வேலை செய்தவர்.

"பெட்டிய கழட்டாதீங்க தம்பி. மொதல்ல சில்ல பாருங்க. சில்லுலருந்து உள்ளுக்குப் போகணும், உள்ளுக்கிருந்து வெளிய வரக்கூடாது."

அன்று அவர் செய்து காட்டியதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன். ஒரு ஜெக்கும் நாலு மரக்கட்டையும் போதும்.

முதலில் மஞ்சள் பிடியை அழுத்திவிட்டு வண்டியை ஒரு முழம் முன்னே உருட்டச் சொன்னார். அழுத்திய உடனே போர்வீல் விழுந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிடிக்குக் கீழே ஸ்பிரிங் இருக்கிறது. உள்ளே பல்லுக்குப் பல் நேராக வந்தால்தான் அந்த ஸ்பிரிங் தள்ளி மாட்டும். நின்ற இடத்தில் மாட்டாமல் நாலடி உருண்டபின் மாட்டுவது குற்றமில்லை. உருட்டினோம். "டொக்" என்று ஒரு சத்தம். "பொட்டி வேல செய்யுது" என்றார், அப்போதே.

பிறகு என்ஜினை நிறுத்தி, கியரில் விட்டு, கைப்பிறேக்கும் போட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் வலதுசில்லை மட்டும் ஜெக்கில் தூக்கினார். என்னைக் கீழே குனிந்து முன் புரொப்பெலர் ஷாப்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூக்கிய சில்லைக் கையால் சுற்றினார். போர்வீல் நல்லபடி இருந்தால் கொஞ்சம் லூஸ் விளையாடி அந்தச் சில்லு நின்றுவிட வேண்டும். சில்லும் சுற்றி ஷாப்டும் கூடவே சுற்றினால் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் மாட்டவில்லை. அப்போதுதான் அதைத் தொட வேண்டும். சில்லு சுற்றுகிறது, ஷாப்ட் அசையவில்லை என்றால் குற்றம் டிஃபரென்ஷலிலிருந்து (டிஃப்) சில்லுவரை உள்ள சாமான்களில்.

என் வண்டியில் சில்லு சும்மா ராட்டினம் மாதிரி சுற்றியது. ஷாப்ட் அசையவே இல்லை. இரண்டு கிழமை வேலை இரண்டு நிமிடத்தில் ஒரு சாண் அகலத்துக்குள் வந்துவிட்டது.

முன்சில்லு இரண்டிலும் பழைய ஆட்கள் பூட்டிவிட்டுப் போன திருப்பும் ஹப் இருக்கிறது. தார் ரோட்டில் முன் அக்சல் வீணாகச் சுற்றாமல் இருக்க 'ஃப்றீ' பக்கம் திருப்பலாம், மலையில் ஏறும்போது 'லொக்' பக்கம். வலது ஹப்பின் டயல் லொக்கில்தான் இருந்தது. பெரியவர் மூடியைக் கழற்றி விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில் வந்தது கிரீஸ் இல்லை, தார். கறுத்து, இறுகி, நகத்தால் சுரண்டினால் துண்டுதுண்டாக உதிர்ந்தது. அந்தப் பிசினுக்குள் உள்வளையம் பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே டயல் லொக் என்று காட்டுகிறது, உள்ளே பல் மாட்டவில்லை. வலது பக்கம் ஒன்றுதான் இப்படி, இடது பக்கம் சுத்தமாக இருந்தது.

அப்படியென்றால் இடது சில்லாவது இழுத்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். நடுவில் டிஃப் இருக்கிறதே என்றார். எந்தப் பக்கம் லேசோ அந்தப் பக்கத்துக்கே சுற்றலைக் கொடுப்பது டிஃபின் குணம். வலது அக்சல் வெறுமனே சுற்றக் கிடைத்ததால் அதுவே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, இடதுக்கு இழுக்கப் பலம் கிடைக்கவில்லை. ஒரு ஹப் மாட்டாமல் போனால் முன்பக்கம் முழுவதும் போனதுதான். இது தெரியாமல்தான் பொக்ஸை இறக்குகிறோம். கராஜ் பையன்களைக் குறை சொல்வதற்கில்லை. இந்த ஹப்பைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்காது. வெறும் பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிசாகப் புதுக் கிரீஸ் பூசிப் பூட்டினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். பழைய வண்டியின் போர்வீல் தேய்ந்து கெடுவதைவிடச் சும்மா இருந்து கெடுவதே அதிகம். அதிலும் எங்கள் ஊவாவின் காலநிலை இதற்கென்றே அமைந்தது போல. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசுகிறது. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஊவாத் தேயிலையின் மணம் அந்தக் காற்றில்தான் ஏறுகிறது. பாதை காய்ந்து இறுகி இருக்கும், போர்வீலை யாரும் தொடமாட்டார்கள். கொழுந்துக்கு மணம் ஏறும் அதே மாதங்களில் ஹப்புக்குள் கிரீஸ் காய்கிறது, மஞ்சள் பிடியின் கம்பியில் துரு பிடிக்கிறது. ஒக்டோபரில் மழை இறங்கியதும் எல்லாரும் ஒரே நாளில் அழுத்துகிறோம். மாதம் ஒரு தரமாவது, தேவை இல்லாவிட்டாலும், ஹப்பை லொக்கில் போட்டு மண் பாதையில் சில மைல் ஓட்ட வேண்டும். பிடியின் கம்பி இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல், துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பழக்க வேண்டும்.

அந்தப் பிடியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். லேண்ட்ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் உலகத்துக்கு முதன்முதல் காட்டப்பட்டது. ஆரம்பத்து வண்டிகளில் எப்போதும் நாலு சில்லும் இழுக்கும்படி செய்திருந்தார்கள். சில வருசத்தில் அதை மாற்றி, வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் முறைக்கு வந்தார்கள். அப்போது வந்ததுதான் மஞ்சள் பிடி. என் வண்டி 1970களின் சீரிஸ் மூன்று, அதிலும் அதே ஏற்பாடுதான். மஞ்சளை அழுத்தினால் ஓடும் வேகத்திலேயே நாலு சில்லு. சிவப்புப் பிடியைப் பின்னுக்கு இழுத்தால் மெதுவான பலத்த கியரோடு நாலு சில்லு. எடுப்பதற்குத்தான் ஒரு முறை உண்டு. வண்டியை நிறுத்தி, சிவப்பைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது மஞ்சள் தானாக மேலே துள்ளும்.

துள்ளாமல் அடம்பிடிக்கும் சில நேரம். தோட்டத்துப் பாதையிலிருந்து இறங்கியவர்கள் போர்வீலை எடுக்க மறந்து தார் ரோட்டில் ஓட்டிவிட்டால் இப்படி ஆகும். முடக்கில் திரும்பும்போது முன்சில்லு கூடத் தூரம் ஓடுகிறது, பின்சில்லு குறைய ஓடுகிறது. சேற்றில் சறுக்கி அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும். தாரில் சறுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் ஷாப்டிலும் பல்லிலும் ஏறி இறுகிவிடும். ஸ்டியரிங் பாரமாகும், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல ஓடும். பதறவேண்டியதில்லை. நேராகப் பத்து இருபது அடி றிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும், பிடி துள்ளும். முன்னே தேய்ந்த டயர், பின்னே புது டயர் போட்ட வண்டியிலும் இதே கோளாறுதான் வரும். காசு இல்லாமல் இரண்டு இரண்டாக டயர் மாற்றுகிறோம். அப்படி மாற்றினால் தாரில் மஞ்சளைத் தொடவே கூடாது.

மஞ்சள் பிடி காப்பாற்றிய நாளும் உண்டு. அப்பா இருந்த காலத்தில் ஒரு நாள், எனக்குப் பத்து வயதிருக்கும், கொழுந்து மடுவத்துக்கு மேலே ஏற்றத்தில் "டணார்" என்று பின்னால் சத்தம். என்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி பின்னுக்கு வருகிறது. அப்பா பிறேக்கை மிதித்துக்கொண்டே "குதிச்சு கல்லு வையிடா!" என்று கத்தினார். பின் அக்சல் ஒன்று உடைந்திருந்தது. இந்த வண்டியின் கைப்பிறேக் சில்லில் இல்லை, ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்னால் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. பின் அக்சல் உடைந்தால் கைப்பிறேக்கும் போய்விடும். பின்சில்லு ஒன்றை மட்டும் ஜெக்கில் தூக்கினாலும் அது பிடிக்காது. மலைநாட்டில் வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும், கல்லோ கட்டையோ இல்லாமல் வண்டிக்கடியில் தலையை நீட்டக்கூடாது.

நான் கல் வைத்ததும் அப்பா மஞ்சளை அழுத்தினார். முன்சில்லு இரண்டும் இழுத்து, மெதுவாக வண்டி வீட்டுக்கு வந்தது. அக்சல் உடைந்தாலும் சில்லு கழலாத மாதிரி அமைத்திருப்பதால் அப்படி வர முடிகிறது. பின்னேரம் ஹப்பின் ஆறு போல்ட்டைக் கழற்றி உடைந்த துண்டை உருவி என் கையில் தந்தார். முறிந்த முகத்தில் முக்கால்வாசி கறுத்து, கடற்கரை மணலில் அலை விட்ட கோடு போலக் கோடு கோடாக இருந்தது. மிச்சக் கால்வாசி மட்டும் வெள்ளியாக மின்னியது. "மின்னுறது இன்னைக்கு ஒடஞ்சது. கறுத்தது எப்பவோ ஒடஞ்சது" என்றார். எத்தனையோ மாதமாக மயிரிழை வெடிப்பு உள்ளுக்குள் நடந்துகொண்டே இருந்து, கடைசிக் கால்வாசி ஒரே இழுப்பில் போயிருக்கிறது.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஓயாவில் இறங்கி ஏறும் வண்டி என்றால் டிஃப் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அக்சலின் மேலே சிறு மூச்சுத்துளை ஒன்று உண்டு, சேறு அடைத்துக்கொண்டால் சூடான அக்சல் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது சீலின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். மெல்லிய கம்பியால் அதைச் சுத்தம் செய்வது ஒரு நிமிட வேலை.

இவ்வளவும் ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், புதுக் கெப் ஒன்று வாங்கிவிடலாமே என்று. காசு இருந்தால் வாங்கலாம். எங்கள் பக்கத்து மேல் டிவிசன்களுக்கு முதலில் வேண்டியது பாதைதான், ஜீப் அல்ல. 1975இல் அரசு எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் அந்தப் பாதை அதே கல்லும் சேறுமாகத்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான். கர்ப்பிணிகள் தூளியில் இறங்குவது எனக்கு ஆறாத கோபம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டத்தின் பாதைகள் மண்சரிவில் துண்டு துண்டானதையும் பார்த்தவர்கள் நாங்கள். அப்படியான நாட்களில் மண்ணைத் தாண்டி ஏறக்கூடிய எந்த வண்டியும் ஒரு டிவிசனுக்கு உயிர். பாதை வரும்வரை அந்த வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும்.

தார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரத்துச் சண்டக்பூ மலைக்கு 1950களின் லேண்ட்ரோவர்கள் பல பத்தாண்டுகள் ஆள் ஏற்றி ஓடின. அதுவும் தேயிலை மலை மாவட்டம்தான். அவற்றை ஓட வைத்தவர்கள் அங்குள்ள டிரைவர்களும் மெக்கானிக்குகளும். எங்கள் தோட்டங்களிலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன, ஓய்வு பெற்று லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரே, அவர்களில் ஒருவரைச் சனிக்கிழமைகளில் கூப்பிட்டு ஒரு கதிரை போட்டு உட்கார வையுங்கள். கூலி கொடுத்தே கூப்பிடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை இடது ஹப்பையும் கழற்றிக் கழுவப் போகிறோம், இன்னும் மழை இறங்கவில்லை. பெரியவர் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று தூளியின் ஒரு முனையைப் பிடித்து வந்த பையன்களில் இரண்டு பேர் தாங்களும் வருவதாகக் கேட்டார்கள். மண்ணெண்ணெய் அவர்களே கொண்டுவருகிறார்களாம்.