பட்டினியில் நடுநிலையா?

தில்லி மோதி பாக் குருத்வாராவில் சாதி, மத வேறுபாடின்றி வருவோர்க்கெல்லாம் உணவு வழங்கப்படுகிறது. 1707-ல் குரு கோவிந்த் சிங் தங்கிய இடம் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், ஆனந்த்பூரை முற்றுகையிட்ட படைகள் தானிய வரத்தை அடைத்ததால், அங்கிருந்து வெளியேற நேர்ந்தவர் அவர். பட்டினியைப் போர்க்கருவியாக்கும் கொடுமை புதிதன்று. அதே மோதி பாக்கில்தான் மத்திய அரசின் மூத்த அதிகாரிகளும் வசிக்கின்றனர்.

உள்நாட்டில் உணவை உரிமையாக்கியதற்காக இந்தியா பெருமை கொள்ளலாம். 2001-ல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மக்களுக்கு உணவு தானியம் பெறும் உரிமையை அளித்தது.

எல்லைக்கு அப்பால் இந்த உறுதி தளர்ந்துவிடுகிறது. 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருப்போர் 70 ஆயிரம் பேரே என்றது இலங்கை அரசு. போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தவர்களோ சுமார் 2.90 லட்சம் பேர். கணக்கில் வராதவர்களுக்குக் கஞ்சிக்கும் வழியில்லாமல் போனது. பட்டினி அங்கு போர்முறையாகப் பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் 2015 அறிக்கை கூறியது. மக்களை வெளியேறவிடாமல் தடுத்த புலிகளையும் அது கண்டித்தது. ஆனால், 2009 மே மாதமே ஜெனீவாவில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்துவிட்டது.

காஸா விஷயத்திலும் தடுமாற்றமே. 2024 டிசம்பரில் போர் நிறுத்தத் தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2025 ஜூன் 12-ல் ஐ.நா. பொதுச் சபையில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. பட்டினியைப் போர்முறையாக்குவதைக் கண்டித்த அத்தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தன. பேச்சுவார்த்தையே தீர்வுக்கு வழி என்பது இந்தியாவின் விளக்கம். பேச்சு முடியும்வரை பசி காத்திருக்காது. அடுத்த ஆகஸ்டிலேயே காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவது உறுதி செய்யப்பட்டது.

குடிமக்களைப் பட்டினி போடுவதைத் தடை செய்யும் 1977-ம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறைகளில் இந்தியா இன்னும் இணையவில்லை. ஏன் என்பதை அரசு நாடாளுமன்றத்தில் விளக்க வேண்டும். உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றிக் கேட்க வேண்டும். நட்பு நாடு செய்தாலும், அண்டை நாடு செய்தாலும் பட்டினி போடுவது குற்றமே. அதைச் சொல்லும் துணிவே உணவை உரிமையாக்கிய நாட்டுக்கு அழகு.