ப்ராஜெக்ட் யாருடையது?



இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் 'நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டு வரணும்' என்று செய்தி வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். அம்மா சார்ட்டில் கோடு போடுவார். கலர் பிரின்ட்டை அக்கா வெட்டி ஒட்டுவாள். ப்ராஜெக்ட்டுக்குச் சொந்தக்காரரான மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் தூங்கியிருக்கும்.

மறுநாள் 'வெரி குட்' வருகிறது. யாருக்கு?

ப்ராஜெக்ட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, நூற்றில் 60 மதிப்பெண்ணைப் பருவத் தேர்வுக்கு வைத்துவிட்டு, மீதி 40-ஐ வகுப்பறைச் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் ஒதுக்கினார்கள். மனப்பாடம் மட்டுமே படிப்பாகிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த எண்ணம் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது தெர்மாகோலாகவும் ஜிகினாவாகவும் மாறிவிடுகிறது.

ப்ராஜெக்ட் என்பதே ஒரு சிறு ஆராய்ச்சிதான். சின்னப் பிள்ளைக்கு ஆராய்ச்சி என்றால் என்ன? தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்பது. படித்து, விசாரித்து, தானே பார்த்துத் தெரிந்துகொள்வது. அவ்வளவுதான்.

'நம்ம வீட்டுக் குழாயில தண்ணி எங்கிருந்தும்மா வருது?' என்று சென்னையில் ஒரு பிள்ளை கேட்கிறது என்று வையுங்கள். மோட்டார் போட்டால் வரும் என்று சொல்லி முடித்துவிடலாம். முடிக்காமல் விட்டால் எவ்வளவு தூரம் போகலாம் தெரியுமா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரிகள் வரும். கிருஷ்ணா நதி நீர் ஆந்திராவிலிருந்து கால்வாய் வழியே பூண்டிக்கு வருவது தெரியும். கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரித் தண்ணீர், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னை வருகிறது. வீராணம் பராந்தக சோழன் காலத்து ஏரி. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றும் வந்துவிட்டதே!

கோவைப் பிள்ளை கேட்டால் சிறுவாணி. அந்த அணை கேரளத்தில் இருக்கிறது என்பதே அதற்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும். மதுரைப் பிள்ளைக்கு வைகை அணை. தண்ணீருக்காகக் காலிக்குடங்களோடு காத்திருந்த கதையைச் சொல்ல எல்லா ஊரிலும் ஒரு பாட்டி இருப்பார். அவரைப் பேட்டி எடுப்பதும் ஆராய்ச்சிதானே?

இதற்கெல்லாம் முதலில் வாசிக்க வரவேண்டும். அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகக் குட்டிப் புத்தகங்கள் வந்தன. எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு ஒன்று, சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு இன்னொன்று. வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் விக்கிப்பீடியா பக்கத்தை நீட்டினால், பார்த்து எழுதுவதைத் தவிர அது வேறென்ன செய்யும்?

பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய நூல், பல தகவல்கள் இன்று மாறியிருக்கும். மாறியது எது என்று பிள்ளையோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். புத்தகத்தில் இருப்பதையும் சரிபார்க்கலாம் என்பது, செல்போனைத் தட்டினால் ஏ.ஐ. பதில் கொட்டும் இந்தக் காலத்தில் பிள்ளைகள் அவசியம் கற்க வேண்டிய பாடம்.

அப்படியானால் பெற்றோருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். கடினமான பத்தியை வாசித்துக் காட்டுங்கள். 'நீ என்ன புரிஞ்சுக்கிட்ட?' என்று கேளுங்கள். பேனாவை மட்டும் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள். எழுத்து கோணலாக இருக்கட்டும், பிழை இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சார்ட் பளபளக்கட்டும்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் சார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பேர் போதும். யார் செய்த ப்ராஜெக்ட் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மதிப்பெண்ணை அந்தப் பேச்சுக்குக் கொடுங்கள். அடுத்த முறை எந்த வீட்டிலும் யாரும் ராத்திரி கடைக்கு ஓட மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை சமீபத்தில் கேட்ட கேள்வி என்ன? அதற்கு அது தானே தேடிக் கண்டுபிடித்த பதிலோடு, அதன் கையெழுத்திலேயே எங்களுக்கு அனுப்புங்கள். திருத்தாமல் அனுப்புங்கள்; நாங்களும் திருத்தாமல் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்