ஒட்டகச் சின்னமும் டியூப் சாராயமும்

அமெரிக்கத் துணை ஜனாதிபதிகளின் பெயர்களை அமெரிக்கர்களே நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்தப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதிலும் உதிரிக் கட்சி, அதுவும் மதுவிலக்குக் கட்சி என்றால் வரலாற்று நூலில் ஓர் அடிக்குறிப்பு கிடைப்பதே பெரிய விஷயம். மேரி பிரெம் என்ற பெண்மணிக்குக் கிடைத்தது அதுதான். ஆனால் 1924 தேர்தலில் அவருடைய கட்சி கையில் வைத்திருந்த வாதம் அத்தனை அற்பமானதல்ல. அதைச் சோதித்துப் பார்க்க மாட்டுங்காவில் ரயிலை விட்டு இறங்கி தாராவிப் பக்கம் நடந்தாலே போதும்.

பிரெம் 1859-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். வாழ்நாள் முழுவதும் இரண்டே காரியங்களைப் பேசினார்: மதுக்கடையை மூட வேண்டும், பெண்களுக்கு ஓட்டு வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்பது அவரைப் போன்றவர்களின் கட்சி. கணவன் கூலியைக் குடித்துவிட்டு வந்தால் மனைவி யாரிடம் முறையிடுவாள்? 1873-ல் அதே ஒஹையோவில் பெண்கள் மதுக்கடை வாசலில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஓட்டு இல்லாதவர்களுக்குப் பிரார்த்தனைதான் மிச்சம்.

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. ஆகஸ்டில் பெண்களுக்கு ஓட்டும் வந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் வீட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைக் கொஞ்சியிருப்பார்கள். பிரெம் 65 வயதை நெருங்கும்போது, 1924 ஜூனில் கொலம்பஸ் நகரில் கூடிய மதுவிலக்குக் கட்சி மாநாட்டில் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆனார். ஜனாதிபதி வேட்பாளர் மிசௌரியைச் சேர்ந்த வங்கிக்காரர் ஹெர்மன் ஃபாரிஸ். பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்தபின் அந்தப் பதவிக்கு ஒரு கட்சி நிறுத்திய முதல் பெண் பிரெம்தான். இருவருக்கும் சேர்த்து விழுந்த ஓட்டு சுமார் 55,000. பதிவானதோ ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம். வென்ற சார்லஸ் டாஸுக்கு பின்னர் நோபல் பரிசுகூடக் கிடைத்தது. பிரெம் 1926 புத்தாண்டு தினத்தில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் ரோஜா ஊர்வலம் பார்க்கப் போனார். பார்வையாளர் மேடை சரிந்தது. மூன்று வாரத்தில் இறந்துபோனார்.

சட்டம்தான் வந்துவிட்டதே, பிறகு எதற்குப் போட்டி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1869-ல் தொடங்கிய அந்தக் கட்சி (சின்னம் ஒட்டகம், தண்ணீர் மட்டுமே குடிக்கும் பிராணியாம்) ஒரே வாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மதுவிலக்கை விரும்பாத கட்சிகளிடம் கெஞ்சி வாங்கும் மதுவிலக்கு நிற்காது. அதை நம்புகிற கட்சியே ஆட்சிக்கு வர வேண்டும். கேட்டவர்கள் சிரித்தார்கள். 1884-ல் மட்டும் சிரிப்பு நின்றது. அந்தத் தேர்தலின் முடிவைத் தீர்மானித்த நியூயார்க் மாநிலத்தில் குடியரசுக் கட்சி ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றது. அங்கே ஒட்டகத்துக்குப் போனது சுமார் 25,000.

மதுக்கடை எதிர்ப்புக் கழகம் என்ற இன்னோர் அமைப்பு வேறு வழியில் போனது. எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் சரி, அவன் குடிப்பவனாகவே இருந்தாலும் சரி, சபையில் மதுவுக்கு எதிராகக் கை தூக்கினால் போதும். கெட்டிக்காரத்தனமான வழி. அரசியல் சட்டத்தையே திருத்த வைத்தது அந்த வழிதான். ஆனால் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களே அதை அமல்படுத்தவும் வேண்டியிருந்தது. ஜனாதிபதி ஹார்டிங் வெள்ளை மாளிகை மாடியில் சீட்டாட வந்த நண்பர்களுக்கு விஸ்கி பரிமாறினார். மற்ற ஊர்களில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1933-ல் சட்டம் ரத்தானது.

இந்த நாடகம் பம்பாயிலும் நடந்தது. சேலத்தில் ராஜாஜி 1937-ல் தொடங்கி வைத்ததை, 1939 ஆகஸ்ட் 1 அன்று பம்பாய் நகரில் கொண்டுவந்தவர் காங்கிரஸ் மந்திரி டாக்டர் கில்டர். பார்சி இனத்தவர், இதய நோய் நிபுணர். சாராயக் கடைகள் பலவும் பார்சிகளின் கையில் இருந்ததால் சொந்த சமூகத்தின் கோபத்தையே சம்பாதித்துக்கொண்டார். போன வருமானத்தை ஈடுகட்டப் போட்ட வீட்டு வரி மற்றவர்களின் கோபத்தையும் சேர்த்துக் கொடுத்தது. மூன்றே மாதத்தில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் சட்டம் மறுபடி வந்தது. 1950 ஏப்ரலில் மாகாணம் முழுவதும் வறண்டது. பின்னால் நின்றவர் மொரார்ஜி தேசாய்.

நம்பிக்கையில் மொரார்ஜியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சட்டம் போய்ச் சேர்ந்த இடம் காவல் நிலையம். உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வசதியுள்ளவருக்கு பர்மிட் கிடைத்தது. விஸ்கியோடு ஓடிகோலோனையும் வைத்துக்கொள்ளும் உரிமை கேட்டு ஒருவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1951-ல் வந்த பால்சாரா வழக்கின் தீர்ப்பு வாசனைத் திரவியத்தையும் மருந்தையும் விடுவித்தது, விஸ்கியை அல்ல. தாராவிக்காரனுக்கு டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. மாஹிம் கழிமுகத்தின் சதுப்புப் புதரில் கருப்பு வெல்லமும் நவச்சாரமும் சேர்த்துக் காய்ச்சியதை டயர் டியூப்பில் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். போலீசுக்கு வாராவாரம் ஹப்தா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தமிழர்களின் குடியிருப்பு கள்ளச் சாராயப் பேட்டை என்று பெயர் வாங்கியது இப்படித்தான். நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது பல பேட்டைகள்; கெட்ட பெயர் மட்டும் தாராவிக்கு.

வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கிய தூத்துக்குடிக்காரர் வரதராஜன் முதலியார் ‘வரதா பாய்’ ஆனது இந்தத் தொழிலில்தான். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட பிள்ளையார் பந்தல் பிரசித்தம். 1987-ல் வந்த ‘நாயகன்’ அவர் கதையின் சாயலில் எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் அவரை உருவாக்கியதில் ஒரு சட்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை அவ்வளவாக யோசித்ததில்லை. செம்பூரின் நடுத்தர வர்க்கத் தமிழர் பலர் தாராவித் தமிழனைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதற்கும் அந்தக் காலத்துப் பெயர்தான் மூலம்.

பெண்களின் நிலைமை பிரெம் எதிர்பார்த்தது போல நேராக இல்லை. குடிக்கிற வீட்டில் கூலி போயிற்று. காய்ச்சுகிற வீட்டிலோ அதுவே அடுப்பெரியும் வழி. ரெய்டு வந்தால் பானையோடு பிடிபடுபவள் அவள்தான். பாந்திராப் பக்கம் கோவாக்காரப் பெண்கள் வீட்டு முன்னறையில் நடத்திய கடைகளுக்கு ‘ஆன்ட்டி பார்’ என்று செல்லப் பெயரே இருந்தது. மது எதிர்ப்புப் பிரசாரத்தில் இந்தப் பெண்களுக்கு இடமில்லை.

1960-களில் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனால் சட்டம் ரத்தாகவில்லை. மகாராஷ்டிராவில் குடிப்பவர் பர்மிட் வைத்திருக்க வேண்டும் என்பது இன்றும் விதி. ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய், ஆயுளுக்கு ஆயிரம். மதுக்கூடத்தின் போர்டில் ‘பர்மிட் ரூம்’ என்று எழுதியிருப்பது அதன் எச்சம். கள்ளச் சாராயமும் போகவில்லை. 2004-ல் விக்ரோலியிலும் 2015-ல் மால்வணியிலும் விஷச் சாராயம் குடித்து இறந்தவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். மால்வணியில் மட்டும் நூற்றுக்கு மேல்.

அமெரிக்காவில் ஒட்டகக் கட்சி இன்னும் இருக்கிறது. 2012-ல் அதன் ஜனாதிபதி வேட்பாளர் வாங்கிய ஓட்டு 518. பிரெம் கேட்டதற்கு நெருக்கமான ஒன்று மகாராஷ்டிராவில்தான் நடக்கிறது. கட்சியும் இல்லை, வேட்பாளரும் இல்லை. சீட்டில் இரண்டு பாட்டில் படம். நிற்கும் பாட்டிலுக்குக் குத்தினால் கடை இருக்கட்டும். படுத்திருக்கும் பாட்டிலுக்குக் குத்தினால் மூடு. மராத்தியில் ‘உபி பாட்லி, ஆட்வி பாட்லி’. இந்த வாக்கெடுப்பைக் கேட்டு மனுக் கொடுப்பதும் வரிசையில் நிற்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆனால் பதிவான ஓட்டில் பாதி போதாது. பட்டியலில் உள்ளவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். அன்றைக்கு வராதவர் ஒவ்வொருவரும் நிற்கும் பாட்டிலின் கணக்கில் சேர்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாத பெண்களும் அதில் அடக்கம்.