மணியடித்தால் மட்டும் தமிழா?

பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ் எவருடைய தயவாலும் வாழவில்லை. வீட்டில் பேசப்பட்டதால் வாழ்ந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. சட்டம் கூரையைத் தந்தது. மொழியைத் தந்தவர்கள் தாயும் பாட்டியுமே ஆவர்.

இன்று அந்தப் பாட்டி, தாமான் வீட்டின் கூடத்தில் அமர்ந்திருக்கிறாள். மகனும் மருமகளும் தமிழ் கற்றவர்கள். ஆயினும் பேரனிடம் ஆங்கிலத்திலேயே பேசுகின்றனர். மூவரும் சிரிக்கின்றனர், எதற்கென்று அறியாமல் பாட்டியும் உடன் சிரிக்கிறாள். பெற்ற மகன் வீட்டிலேயே அவள் விருந்தாளி ஆகிவிட்டாள்!

'பிள்ளையின் எதிர்காலத்திற்காக' என்பர். மலாய் நாட்டின் மொழி. ஆங்கிலம் உலகத் தொடர்புக்குரியது. இரண்டையும் கற்க வேண்டாம் என்பார் எவருமிலர். ஆனால், பிறமொழியைக் கற்பது வேறு; வீட்டுமொழியைக் கைவிடுவது வேறு. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் 'அங்கிள்' என்னும் ஒரே சொல்லில் கரைந்துபோகின்றனர். யாரிடம் உரிமையோடு கேட்கலாம், யார்முன் அடங்கி நிற்க வேண்டும் என்பதைக் குழந்தைக்குக் கற்பித்தவை அச்சொற்களே அன்றோ?

ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுவது இலக்கண நெறியன்று, வழக்கில் வந்தது எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒப்புகிறது. அந்த மரியாதையைப் படைத்தது நூலன்று, பேசிய நா. நா பேச மறந்தால் நூல் காப்பாற்றுமா?

குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று. மணியடித்தால் தமிழ், மணி ஓய்ந்தால் வேறுமொழி என்றிருக்கும் தமிழாசிரியரும் இல்லாமலில்லை. 'பசியாறிட்டீங்களா சார்?' என்று அன்போடு கேட்கும் சிறுவனை, 'கொச்சை பேசாதே' என்று அதட்டுவோரும் உண்டு. அவன் கேட்டதில் நலம் விசாரிப்பும் இருந்தது. 'நீங்கள்' என்னும் மதிப்பும் இருந்தது. அதட்டலுக்கு அஞ்சிய சிறுவன் மறுநாள் 'குட் மார்னிங் சார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். அதில் திருத்த ஒன்றுமில்லை, உறவும் இல்லை. செந்தமிழைக் கற்பிக்க வேண்டியதுதான். எழுத்திற்குச் செந்தமிழும் உறவிற்குப் பேச்சுத்தமிழும் தேவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடிப்பவர், தமிழ் பேசும் வாயையே அடைக்கிறார்.

1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதனை இனிமேலும் நிலைநிறுத்தப்போவது மேடை முழக்கமன்று. இன்றிரவு சோற்றுத் தட்டின்முன், பாட்டிக்கும் புரியும்படி பேசப்படும் நாலு சொற்களே!