பந்தி முடிந்தது, பட்டியல் எதற்கு?

பொங்கல் விழா இனிதே நிறைவேறியது. கரும்பு கட்டிய பந்தல் பிரிக்கப்பட்டுவிட்டது. வாடகைக்கு எடுத்த அண்டாக்கள் கடைக்குத் திரும்பிவிட்டன. எச்சில் இலைகளும் அன்று மாலையே அகற்றப்பட்டன. ஒன்று மட்டும் இன்னும் அகற்றப்படவில்லை. விழாவுக்கு வந்தவர்களின் பட்டியல்தான் அது! பெயர், கைப்பேசி எண், துறை, விடுதி அறை, சொந்த மாவட்டம், சைவமா அசைவமா என்னும் குறிப்பு ஆகிய இத்தனையும் பதிவு மென்பொருளில் இருக்கின்றன. செயற்குழுவினரின் மடிக்கணினிகளில் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை பிரதிகள் உலவுகின்றன என்பதை எவரும் அறியார்.

"இதில் என்ன தீங்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு கேட்டவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் விழாவுக்கு நன்கொடை அளித்த ஒரு நிறுவனத்தார், வந்தவர்களின் விவரம் வேண்டும் என்றனர். செயற்குழுவில் இருந்த நாங்கள், பெயர்களையும் எண்களையும் நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுத்தோம். மிக நாகரிகமாக நடந்துகொண்டோம் என்று எங்களுக்குப் பெருமைகூட. அதே தாள் ஒருவர் கைமாறி ஒருவராக விடுதிக்கே திரும்பி வந்தது. அதில் ஒரு வரி: இன்ன துறை, ஆராய்ச்சி மாணவி, இன்ன மாவட்டம். உணவுக் குறிப்பில், "சர்க்கரை நோய் உண்டு, இனிப்பு வேண்டா." அந்தத் துறையில் அந்த மாவட்டத்து மாணவி ஒருவரே! தம் நோயைத் தோழியரிடமும் சொல்லாதிருந்தவரை, மறுநாள் உணவுக்கூடத்தில் பலர் நலம் விசாரித்தனர். சித்திரை விழாவுக்கு அவர் வரவில்லை. அதன் பின்னர் எதற்குமே வரவில்லை. பெயரில்லாத தாள் அவரைப் பெயர் சொல்லிக் காட்டிவிட்டது. பிழை எங்களுடையது, இழப்பு அவருடையது.

பெயரை நீக்குவது வேறு, அடையாளத்தை நீக்குவது வேறு என்பதை உலகம் முன்பே கற்றிருக்கிறது. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு ஆராய்ச்சிக்கு அளிக்கப்பட்டன. ஊழியர்களின் அந்தரங்கம் காக்கப்பட்டுள்ளது என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி கூறினார். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த நாளையே உடையவர் பட்டியலில் அறுவர். அவருள் ஆண்கள் மூவர். ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வாழ்ந்தவர் ஒருவர் மட்டுமே! ஆளுநரின் மருத்துவக் குறிப்பு அந்த மாணவியின் மேசைக்கு வந்துவிட்டது. ஒரு நகரத்திலேயே மறைய இடமில்லை என்றால், ஒருவரை ஒருவர் முகமறிந்த நம் சங்கத்தில் மறைவேது?

"மென்பொருளே அடையாளத்தை மாற்றிவிடுகிறதே!" என்பர் சிலர். சில மென்பொருள்கள் கைப்பேசி எண்ணை அழிக்காமல், கணக்கிட்டு ஒரு குறியீடாக மாற்றி வைக்கின்றன. குறியீட்டிலிருந்து எண்ணை நேராகப் பெற முடியாது என்பது மெய்யே. ஆயினும் நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கம் உடையவை. 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குபவை. ஆகவே இருக்கக்கூடியவை 400 கோடி எண்களே. இரகசியச் சேர்க்கை எதுவும் இல்லாத குறியீடாயின், அத்தனை எண்களையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணிப்பொறிக்கு ஒரு பிற்பகல் வேலைகூட அன்று. மேலும், மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் மென்பொருளில் உள்ளதே மறையும். முன்பே இறக்கி எடுத்த பிரதி மறையுமா? மின்னஞ்சலில் அனுப்பிய தாள் மறையுமா?

அடுத்த ஆண்டு எவ்வளவு அரிசி வாங்குவது என்று தெரிய வேண்டாமா எனச் செயலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. அரிசிக்குத் தலைக்கணக்கு போதும். தலைக்குரியவரின் அறை எண் வேண்டா. நம் ஊர்ப் பந்திகளில் இலையைத்தான் எண்ணுவார்கள். உண்டவர் முகவரியை எவரும் கேட்பதில்லை. மொய் நோட்டில் பெயரும் ஊரும் எழுதுகிறோமே என்றால், திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அங்கே இருக்கிறது. அந்த நோட்டும் வீட்டுப் பெட்டிக்குள் ஒரே பிரதியாக இருக்கிறது; தெருவில் திரிவதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே பெறுமாறும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலன்றி, நோக்கம் முடிந்தபின் அழிக்குமாறும் கூறுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. அந்த நாள் வரட்டும் என்று காத்திருப்பது விருந்தோம்பல் ஆகுமா?

ஆகவே, வரும் பொதுக்குழுவின் முன் சில யோசனைகளை வைக்கிறேன். சொந்த மாவட்டத்தையும் விடுதி அறையையும் படிவத்தில் கேட்கவே வேண்டா. கேளாததைக் காக்கும் தொல்லையும் இல்லை. உணவு விருப்பத்தைப் பெயரோடு சேர்க்காமல் தனியே எண்ணுவோம். நோய் பற்றிய குறிப்பைச் சமையல் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் அறிந்தால் போதும். பட்டியல் ஒரே இடத்தில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். கணக்கு முடிந்த பதினைந்து நாளில் எல்லாப் பிரதிகளையும் அழித்து, அழித்த செய்தியைக் குறிப்பேட்டில் பதிவோம். எண்ணிக்கைகளை மட்டும் வைத்துக்கொள்வோம். அவற்றிலும் ஐவருக்குக் குறைந்த பிரிவு எதுவும் தனித்து நிற்கலாகாது. பக்கத்துப் பிரிவோடு அதைச் சேர்த்துவிடுவோம். அடுத்த ஆண்டும் அழைப்பு வேண்டுவோர் தாமே முன்வந்து எண்ணைத் தரட்டும்.

இவற்றுக்குச் செலவு ஒரு காசும் இல்லை. வேண்டுவது ஒரு மாலைப்பொழுதும் சிறிது மனமுமே. வீட்டை விட்டு வெகுதூரம் வந்து, தாய்மொழியில் நான்கு சொல் பேசலாம் என்று நம் பந்தலுக்கு வருபவர்கள் நம்மை நம்பி வருகிறார்கள். அன்று வராமற்போன அந்தத் தோழிக்கு ஓர் இலை இன்னும் விரித்தே வைத்திருக்கிறோம் என்று சொல்லும் தகுதியை முதலில் நாம் பெறுவோம்.